மூன்றாவது வீட்டில் கேட்ட குறைகள்

செம்பூரில் நான் குடியிருக்கும் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்த இரண்டு இளம் ஆசிரியர்கள், நான் கொடுத்த தண்ணீரைக் குடிப்பதற்கு முன்பே மடிக்கணினியைத் திறந்துவிட்டார்கள். நான் ஓய்வு பெற்று வந்த வடிவமைப்புத் துறையில் இப்போது அவர்கள்தான் பாடம் நடத்துகிறார்கள். எங்கள் முதுநிலை மாணவர்கள் ஒரு பொருளையோ சேவையையோ வடிவமைத்தால், அதைப் பயன்படுத்தப் போகிறவர்களிடம் கொண்டுபோய்ச் சோதித்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். இனி அந்தப் பதிவை ஒரு மென்பொருள் பார்த்துக்கொள்ளுமாம். எந்த மொழியில் பேசினாலும் அது ஆங்கிலத்தில் கொடுத்துவிடும். பேசியவர் திருப்தியாக இருந்தால் பச்சை, குறைபட்டுக்கொண்டால் சிவப்பு.

"இனிமே உங்களை மாதிரி யாரும் தாராவியில அலைய வேண்டாம் மேடம்" என்றான் ஒருவன்.

"நல்லதாப் போச்சு. என் முட்டியோட போகட்டும்" என்றேன்.

துறை மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், மாணவர்களுக்கு ஊக்கம் தருவதுபோல் ஏதாவது சம்பவம் எழுதுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஊக்கம் கொடுக்க எனக்கு வராது. குறை சொல்லத்தான் வரும் என்று என்னிடம் படித்த எல்லோரும் சொல்லுவார்கள். ஆகவே குறை சொல்வதைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரயில்வே ஆபீசில் இருந்தார். பொருள் வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பில் சேரப் போகிறேன் என்று நான் சொன்னபோது, "எதுக்கு, புடவைக்கா?" என்று கேட்டார். "இல்லேப்பா, மிக்ஸி மாதிரி சாமானுக்கெல்லாம்" என்றேன். "மிக்ஸிதான் ஏற்கெனவே இருக்கே" என்றார். படித்து முடித்து, ஒரு பாத்திரக் கம்பெனியில் சில வருஷம் குப்பை கொட்டி, திரும்பவும் அதே துறைக்கு ஆசிரியையாக வந்த பிறகும் அவருக்குச் சொல்ல நல்ல பதிலாக ஒன்றும் அகப்படவில்லை.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல ஒரே விஷயம்தான் இருக்கிறது. என் இறுதித் திட்டம் ஒரு தேங்காய்த் துருவி. நின்றுகொண்டே துருவலாம், மேடையில் இறுக்கி மாட்டிக்கொள்ளலாம். அதை எங்கள் கட்டடத்தில் நாலைந்து வீடுகளுக்குக் கொடுத்துக் கருத்துக் கேட்டேன். "பேஷ், ரொம்ப நன்னாயிருக்கு" என்று எல்லா மாமிகளும் சொன்னார்கள். அதையெல்லாம் அழகாக அட்டவணை போட்டு நடுவர் குழுவின் முன் வைத்தேன். குழுவில் இருந்தவர்களில் இளையவர் லிமாயே சார். அவர் அட்டவணையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், சட்டைப் பையிலிருந்து அரை மூடித் தேங்காயை எடுத்தார். நிஜமாகத்தான் சொல்கிறேன், வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்தார். மற்றவர்கள் என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவர் பாட்டுக்குத் துருவிக்கொண்டே இருந்தார்.

முடித்துவிட்டு, "கோணாசாட்டி?" என்றார். யாருக்காக என்று அர்த்தம். அவர் வேறு என்ன மொழியில் பேசினாலும் அந்த ஒரு கேள்வியை மராத்தியில்தான் கேட்பார்.

"இல்லத்தரசிகளுக்கு சார்."

"நீ கொடுத்துவிட்டு வந்த வீடுகளுக்கு இன்று போய்ப் பார். நாளைக்கு வந்து பதில் சொல்."

போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டில் அது கட்டிலுக்கு அடியில் இருந்தது. இன்னொரு வீட்டில் அதன் மேல் பழைய பேப்பர் அடுக்கியிருந்தார்கள். நன்னாயிருக்கு என்று சொன்ன அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்து பழைய அரிவாள்மணையில் துருவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபம் அந்த மாமிகள் மேலா, லிமாயே மேலா என்று தெரியவில்லை. ஆனால் கோபம் வந்தது.

பிற்பாடு அவர் துறைத் தலைவரானபோது, எங்கள் களச் சோதனைக்கு விதிமுறைகள் வகுத்தார். அவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்தது முழுக்க அவற்றால்தான்.

மாணவர் தன் மாதிரியை மூன்று வீடுகளில் கொடுத்துவிட்டு வர வேண்டும். சில நாள் கழித்து நடுவர் குழு அந்த மூன்று வீடுகளுக்கும் போகும். மாணவர் கூட வரலாம், ஆனால் வாசலில் நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. "பிடித்திருக்கிறதா?" என்று யாரும் கேட்கக் கூடாது. "நேற்று இதை வைத்து என்ன செய்தீர்கள்?" என்று கேட்கலாம். வீட்டுக்காரர் தன் சொந்த மொழியில்தான் பேச வேண்டும், அந்த மொழி தெரிந்தவர் யாராவது மொழிபெயர்க்க வேண்டும். "கடன் வாங்கிய மொழியில் மனிதன் நன்றிதான் சொல்லுவான், குறை சொல்ல மாட்டான்" என்பார் லிமாயே. தமிழ் வீடுகள் என்றால் என் தலையில் விழும்.

கடைசி விதிதான் கண்டிப்பானது. சொந்த வீட்டு ஆளையோ உறவுக்காரரையோ சோதனைக்கு எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டு மறைத்தால் திட்டம் ரத்து, அந்த வருஷம் போச்சு. பாசத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லுவார்கள் என்பது அவருடைய காரணம். நம் ஊரிலும் காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்றுதானே சொல்லுகிறோம்? எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பல வருஷம் அந்த விதியை நானே மாணவர்களுக்குக் குரலை உயர்த்திப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

இனி இஷாவின் கதை.

பதிவேட்டில் அவள் பெயர் இசக்கியம்மாள். வகுப்பில் முதல் நாளே அது இஷாவாகிவிட்டது. டோம்பிவிலியிலிருந்து வருகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும், தாமதமாக வந்தால் லோக்கல் ரயிலைத்தான் சாக்குச் சொல்லுவாள். பெயரைப் பார்த்து நான் தமிழில் பேச்சுக் கொடுத்தபோது, "புரியும் மேடம், பேச வராது" என்று ஹிந்தியில் சொன்னாள். இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகள் பாதிப் பேர் அப்படித்தான். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

கெட்டிக்காரி. மரப்பட்டறையில் அவள் இழைத்த விளிம்பில் கை வைத்தால் எடுக்கத் தோன்றாது. ஒருநாள் பட்டறையில் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டே, "இந்த வருஷம் முடிக்கலேன்னா அவ்வளவுதான் மேடம். டோம்பிவிலியில மாமா பையன் ரெடியா இருக்கான். படிப்பு முடியற வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காங்க" என்று ஹிந்தியில் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அவளுடைய இறுதித் திட்டம் தாராவியில் வீட்டிலிருந்து 'தாகா கட்டிங்' செய்யும் பெண்களுக்கானது. தைத்து முடித்த துணிகளில் தொங்கும் நூல் பிசிறுகளைக் கத்தரிப்பதுதான் அந்த வேலை. பட்டறைக்காரர்கள் துணியை மூட்டையாகக் கொடுப்பார்கள், பெண்கள் தலையில் சுமந்து வந்து, தரையில் உட்கார்ந்து, கழுத்தைக் குனிந்தபடியே கத்தரித்துத் திருப்பிக் கொடுப்பார்கள். இஷா மடக்கி வைக்கக்கூடிய சாய்வுப் பலகை ஒன்றைச் செய்தாள், அதில் ஒரு சிறு விளக்கும் உண்டு. கூடவே ஒரு ஏற்பாடு: கல்லி, அதாவது சந்து, முனையில் ஒரே இடத்தில் மூட்டைகள் வந்து இறங்கும், அங்கிருந்தே திரும்பிப் போகும், யாரும் தலையில் சுமக்க வேண்டாம். பொருளும் சேவையும் சேர்ந்த திட்டம். பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது.

நடுவர் குழுவில் நாங்கள் மூன்று பேர். லிமாயே சார், நான், வெளியிலிருந்து மெஹ்தா என்ற ஒருவர். வீட்டு உபயோகப் பொருள் கம்பெனி ஒன்றில் பெரிய பதவியில் இருந்தவர், நல்ல மனிதர், கொஞ்சம் சத்தமாகப் பேசுவார். தாராவிக்கு அவர் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

முதல் வீட்டில் ஒரு இளம்பெண். பலகை சுவரோரம் மடித்து வைத்தபடியே இருந்தது. நேற்று இதை வைத்து என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். "நல்லாருக்கு டீச்சர். ரொம்ப உபகாரமா இருக்கு. அந்தப் பிள்ள எவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கு!" என்றாள். வேறு எப்படிக் கேட்டாலும் அதேதான் வந்தது. இரண்டாவது வீட்டில் ஒரு நடுவயதுக்காரி. "கொறையா? ஒரு கொறையும் இல்ல. டீ குடிக்கேளா, கோல்டிரிங் வாங்கியாரச் சொல்லவா?" என்றாள். மெஹ்தா முகம் மலர்ந்தது. லிமாயே கண்ணை மூடிக்கொண்டார். நான் மாட்டுங்கா மாமிகளை நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வீடு கொஞ்சம் தள்ளி இன்னொரு கல்லியின் உள்பக்கம். வாசல் நிலைக்கு மேல் பரணைத் தாங்கும் இரும்புச் சட்டம் தாழ்வாக இருந்தது. லிமாயே இடித்துக்கொண்டார், மெஹ்தா இடித்துக்கொண்டார், எச்சரித்தும் நானும் இடித்துக்கொண்டேன். ஒரு உதிரித் திருகாணியைக் கொடுக்கப் பின்னால் வந்த இஷா, பையைப் பார்த்தபடியே தலையைக் குனிந்து உள்ளே வந்து, கொடுத்துவிட்டு, அதேபோல் வெளியே போய் நின்றாள். பலமுறை களஆய்வுக்கு வந்து பழகியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரி பெயர் பேச்சியம்மாள். திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தாராவிதான். பலகை நடு வீட்டில் விரித்திருந்தது, அதன்மேல் பாதி கத்தரித்த சட்டை கிடந்தது. இந்த வீட்டில் அது வேலை செய்துகொண்டிருந்தது என்பதை நாங்கள் கேட்காமலே தெரிந்துகொண்டோம்.

"நேத்திக்கு இதை வெச்சுண்டு என்ன பண்ணினேள்னு கேக்கறார்" என்று ஆரம்பித்தேன்.

"என்னத்தப் பண்ண? இந்த லைட்டு நேரா கண்ணுலல்லா குத்துது. துணியப் போட்டு மூடிட்டு வேல பாத்தேன்" என்றாள். நான் மொழிபெயர்த்தேன். லிமாயே கண்ணைத் திறந்தார்.

"வேற?"

"பலகைக்குக் கால் ரெண்டையும் இப்பிடி நீட்டி வச்சிருக்கா பாருங்க, வாரவ போறவ எல்லாம் தட்டி விழுதா. சட்டைக்குச் சரி. ஜீன்ஸ் வந்தா பலகையில நிக்காது, சரிஞ்சு சரிஞ்சு விழும். அப்புறம் மடக்கி வைக்கணும்னு சொல்லுதா. ராத்திரி இங்கன நாலு பேரு படுக்கணும், எங்கன கொண்டு வைக்க, என் தலையிலயா?"

மெஹ்தா உற்சாகமாகக் குறிப்பெடுத்துக்கொண்டே வந்தார். மூட்டை இறங்கும் இடத்தைப் பற்றிக் கேட்கச் சொன்னார்.

"கல்லி முக்குலயா? அங்கன பூரா பான் கடை. சாயங்காலம் ஆம்பளையள் கும்பலா நிப்பானுவ. நான் போவேன், எனக்கு வயசாச்சு. கொமரிப் பிள்ளையள் போவாளுவளா? அறிவு வேண்டாமா இத யோசிக்க?"

கடைசி வாக்கியத்தை வாசல் பக்கம் பார்த்துச் சொன்னாள். இஷா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். வாய் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மனசுக்குள் ஏதோ நெருடியது. நம் ஜனங்கள் வீடு தேடி வந்த அந்நியரிடம் அவர்கள் கொண்டு வந்த சாமானைக் குறை சொல்ல மாட்டார்கள். உப்பில்லாத சாம்பாரைக்கூட நன்றாயிருக்கிறது என்று சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். இந்த அம்மாள் இவ்வளவு உரிமையோடு எரிந்து விழுகிறாளே என்று யோசித்தபோது, என் துருவி ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் கட்டடத்தில் அதைக் குறை சொன்னவள் ஒருத்தி இருந்தாள். "இதென்னடி பிராணனை வாங்கறது, துருவல் பாதி தரையில விழறதே" என்று என் அம்மாதான் சொன்னாள். ஊரார் முன் தன் பெண்ணை மெச்சி அவள் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. கண் பட்டுவிடும் என்று பயம்.

நான் திரும்பி இஷாவைப் பார்த்தேன். பேச்சியம்மாளின் அதே நெற்றி.

அந்த நேரம் பார்த்து மெஹ்தா நோட்டை மூடிவிட்டு, மனம் நிறைந்து, ஹிந்தியில் சத்தமாகச் சொன்னார்: "குறைகள் இருக்கட்டும். இப்படி ஒரு புத்திசாலிப் பெண்ணை நான் பார்த்ததில்லை. இவள் எங்கேயோ போகப் போகிறாள், இந்த அம்மாவிடம் சொல்லுங்கள்!"

நான் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பேச்சியம்மாளுக்கு அந்த அளவுக்கு ஹிந்தி தெரியும். முகம் வெளிறிப்போயிற்று. "போதும், போதும், அப்பிடில்லாம் சொல்லாதிய" என்று பதறி, இரண்டு கையையும் வாசலை நோக்கி நீட்டிச் சுற்றி, தன் கன்னப்பொறியில் வைத்துப் படபடவென்று நெட்டி முறித்தாள்.

லிமாயே அதைப் பார்த்தார். "அவர் இப்போது என்ன செய்தார்?" என்று என்னிடம் கேட்டார்.

ஓய்வு பெறும் வரை கிட்டத்தட்ட முப்பது வருஷம் மொழிபெயர்த்திருக்கிறேன். கை செய்ததை மொழிபெயர்க்கச் சொல்லி வேறு யாரும் கேட்டதில்லை. அவள் யாருடைய அம்மா என்று எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் என்னிடம் கேட்டது அதுவல்ல. "அதிகமாகப் புகழ்ந்தால் பிள்ளைக்குக் கண் பட்டுவிடும் என்று எங்களில் ஒரு பயம் உண்டு. அதைக் கழிக்கத் தாய்மார் இப்படிச் செய்வார்கள்" என்றேன். இதில் பொய் ஒன்றும் இல்லை.

"எந்தப் பிள்ளைக்கு?" என்றார் லிமாயே.

அதை நான் தமிழில் பேச்சியம்மாளிடமே கேட்டேன். பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். "எந்தப் பிள்ளையா இருந்தா என்ன டீச்சர்? பொட்டப் பிள்ள, நல்லாருக்கட்டும்னு செஞ்சேன். இந்தப் பிள்ள யாரு எவருன்னு எனக்கென்ன தெரியும்?" என்றாள்.

விதியை மீறி வாசலிலிருந்து குரல் வந்தது. "சார், மாஜி ஆயி ஆஹே." என் அம்மா சார் என்று மராத்தியில் லிமாயேவிடம் சொன்னாள். அப்புறம் உள்ளே வந்து, தலையைக் குனியாமல் வந்ததால் சட்டத்தில் நன்றாக இடித்துக்கொண்டு, "எம்மா, விடு. போதும்" என்றாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் தமிழ் அது.

முதல் வருஷம் வகுப்பு மொத்தமும் தாராவிக்குப் படம் பிடிக்கப் போனதாம். கேமரா அவள் கையில் இருந்தது. தலையில் துணி மூட்டையோடு ஒரு பெண் எதிரே வந்தாள், இவளைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள். பக்கத்தில் நின்ற தோழி, "சூப்பர் ஷாட், எடு எடு" என்றாளாம். இவள் எடுத்தாள். "அது எங்கம்மான்னு அப்ப சொல்லல மேடம். அன்னைக்கி சொல்லாதத அப்புறம் எப்பிடிச் சொல்லுவேன்? டோம்பிவிலி மாமா அட்ரஸயே குடுத்துட்டேன். தமிழ் பேசினா ஊரு தெரிஞ்சிரும்னு தமிழையும் விட்டுட்டேன். ஆனா மூணாவது பலகைய வேற வீட்டுல குடுக்க மனசு வரல" என்றாள்.

"அவ மேல என்ன தப்பு?" என்று பேச்சியம்மாள் குறுக்கே வந்தாள். "வேலையா வந்த பிள்ளைய நான் கையக் காட்டிக் கூப்பிட்டிருக்கப் பிடாது. அந்தப் பெரியவர்ட்ட சொல்லுங்க டீச்சர், தப்பு என் மேலதான்."

அதையும் மொழிபெயர்த்தேன். எனக்கு அந்தப் பெண்ணை இழுத்து வைத்து ஒரு அறை விடலாம் போல இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. லிமாயே வழக்கம்போல் "சலா" என்றார், கிளம்பலாம் என்று. நாங்கள் கிளம்பினோம்.

துறைக்குத் திரும்பியதும் அவர் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். மெஹ்தாவுக்கு மனசு உடைந்துபோயிருந்தது. ஏமாந்துவிட்டோம் என்ற வருத்தம், அவ்வளவு புகழ்ந்துவிட்டோமே என்ற வெட்கம். "விதி விதிதான். மறைத்திருக்கிறாள். ரத்து செய்வதைத் தவிர வழியில்லை" என்றார். லிமாயே என் பக்கம் திரும்பினார்.

நான் கொஞ்சம் கோபமாகவே பேசினேன். "சார், மறைத்ததற்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் வீட்டு ஆள் பாசத்தில் புகழ்வார் என்பதுதானே இந்த விதிக்குக் காரணம்? எங்கள் அம்மாக்கள் புகழ மாட்டார்கள். குஞ்சு பொன்குஞ்சு என்று காக்கைக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் நாலு பேர் முன்னால் கறுப்பு, கறுப்பு என்று கத்திக்கொண்டிருக்கும். இன்று மூன்று வீட்டுக்குப் போனோம். இரண்டு வீட்டில் உபசாரம் கிடைத்தது. ஒரு வீட்டில்தான் சோதனை நடந்திருக்கிறது. அதைத் தள்ளிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?"

லிமாயே சட்டைப் பையிலிருந்த சிறிய இரும்பு ஸ்கேலை எடுத்து மேசையில் வைத்து நேர்படுத்திக்கொண்டிருந்தார். அவர் யோசிக்கும்போது செய்வது அது. பிறகு, "முதல் இரண்டு வீடுகளை நீக்கிவிடுங்கள்" என்றார்.

மெஹ்தா விழித்தார். "அப்படியென்றால் அவள் அம்மா ஒருத்திதானே மிஞ்சுகிறாள்?"

"ஆமாம். அறிக்கையின் முதல் பக்கத்தில், மூன்றாவது வீடு என் வீடு என்று அவள் எழுத வேண்டும். வகுப்பில் எழுந்து நின்று வாயாலும் சொல்ல வேண்டும். முடிவை நிறுத்தி வைப்போம். அடுத்த பருவம் தொடங்குவதற்குள், அம்மா சொன்ன குறைகளையெல்லாம் சரிசெய்து, தன்னைத் திட்டக்கூடிய இன்னும் இரண்டு பெண்களைக் கண்டுபிடித்துக்கொண்டு வரட்டும்."

"ஊரான் வீட்டுப் பெண்ணை யார் சார் திட்டுவா?" என்றேன்.

"திட்டும் வரைக்கும் போகட்டும்" என்றார்.

களஆய்வு என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த இளம் ஆசிரியர்களின் மென்பொருள் முதல் இரண்டு வீடுகளுக்கும் பச்சை கொடுத்திருக்கும். பேச்சியம்மாளைச் சிவப்பில் போட்டு, அதிருப்தியாளர் என்று ஒதுக்கியிருக்கும். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நாங்களும் அன்று வரை அப்படித்தான் வண்ணம் அடித்துக்கொண்டிருந்தோம்.

இசக்கி அந்த நாட்களில் தினமும் கல்லியில் உட்கார்ந்து மற்றப் பெண்களோடு நூல் கத்தரித்தாள் என்று கேள்விப்பட்டேன். மூட்டை இறங்கும் இடத்தை ரேஷன் கடைக்குப் பக்கத்தில், பெண்கள் புழங்கும் திண்ணைக்கு மாற்றினாள். விளக்கு பலகைக்குப் பின்னால் போயிற்று. பலகை சுவரில் மாட்டிக்கொள்ளும் தட்டாயிற்று. டோம்பிவிலி மாமாவிடம், பரீட்சை தள்ளிப் போயிருக்கிறது என்று பேச்சியம்மாள் தைரியமாகச் சொல்லிவிட்டாளாம். அடுத்த தவணை கேட்டால் தர மாட்டேன் என்று மாமாவும் சொல்லிவிட்டாராம். ஆகவே இரண்டாவது தரம் தவறினால் பிறகு படிப்பு இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மறு சோதனைக்கு அம்மாவையும் இன்னும் இரண்டு பெண்களையும் எங்கள் துறைக்கே வரச் சொன்னார் லிமாயே. பேச்சியம்மாள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டுக்கரைப் புடவையில் வந்திருந்தாள். கூட வந்த இரண்டு பெண்களும் உள்ளே நுழைந்த உடனேயே, "ஏட்டி இசக்கி, இவ்வளவு பெரிய எடத்துல படிச்சிட்டு, தட்டுக்கு ஒரு விளிம்பு வைக்கத் தெரியலியே ஒனக்கு, கத்திரி உருண்டு உருண்டு விழுது" என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் மெஹ்தாவைப் பார்த்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குறிப்பெடுத்தார். இந்தத் தடவை கறுப்புக் கால்சட்டை போட்டிருந்தார்.

லிமாயே செருப்பைக் கழற்றினார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தட்டை இழுத்துக்கொண்டு, ஒரு ஜீன்ஸை எடுத்துப் பிசிறு கத்தரிக்கத் தொடங்கினார். இடுப்பிலிருந்து கால் வரை ஒன்று விடாமல் கத்தரித்தார். முடித்ததும், "கோணாசாட்டி?" என்று கேட்டார்.

இசக்கி தன் அம்மாவைக் கையால் காட்டினாள். பிறகு மற்ற இருவரையும் காட்டினாள்.

லிமாயே என்னிடம், "தாயாரைக் கேளுங்கள். இப்போதும் குறை உண்டா?" என்றார். நான் கேட்டேன். பேச்சியம்மாள் தட்டைச் சுற்றி வந்தாள். தூக்கினாள், இறக்கினாள். குறை சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"தூக்கையில கிரீச்சுன்னு சத்தம் வருது. பிள்ளையள் தூங்கையில முழிச்சிரும்" என்றாள்.

நான் மொழிபெயர்த்தேன். லிமாயே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "எண்ணெய் போடு" என்று இசக்கியிடம் சொன்னார். "சலா." தேறியவர் பட்டியலில் அவள் பெயரை அன்றைக்கே சேர்த்தோம். பெயரை இசக்கியம்மாள் என்று முழுசாக எழுதச் சொல்லி அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நான் வெளியே தாழ்வாரத்துக்கு வந்தபோது, பேச்சியம்மாள் தூணருகே நின்றுகொண்டிருந்தாள். இசக்கி கை எட்டும் தூரத்தில் தட்டின் கீலில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"பாஸாயிட்டாளா டீச்சர்?"

"ஆயிட்டா."

"நல்லாத்தான் செஞ்சிருக்காளா?"

"என்னைக் கேக்கறேளே? இத்தனை நாளா வீட்டுல வெச்சுண்டு பாத்தது நீங்கதானே?"

"நான் எங்க பாத்தேன்? கொறை எங்கன இருக்குன்னுதான தேடிட்டிருந்தேன். நல்லாருக்கான்னு பாக்கவே பயமால்லா இருந்துச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மகள் பக்கம் திரும்பாமல், குரலைத் தாழ்த்தி, "டீச்சர், அவள்ட்ட ஒண்ணு சொல்லணும். என் வாயால சொல்லப்பிடாது. நீங்க சொல்லுங்க. இங்கிலீஷ்ல சொல்லுங்க, இங்கிலீஷ்ல சொன்னா கண்ணு படாதுல்லா?" என்றாள்.

"என்ன சொல்லணும்?"

"தட்டு ரொம்ப நல்லாருக்குன்னு. இப்ப எனக்குக் கழுத்து வலிக்கல்லன்னு. எம் பிள்ள மாதிரி இந்தக் கட்டடத்துல ஒருத்தருக்கும் செய்ய வராதுன்னு."

நான் மொழிபெயர்த்தேன். மூன்று வாக்கியத்தையும் ஒன்று விடாமல், கை எட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் தமிழிலேயே கேட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம், ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் எண்ணெய்க் குப்பியை மூடினாள். மூடி சரியாக உட்கார நேரமாயிற்று. நிமிர்ந்து என்னைப் பார்த்து, தமிழில் சொன்னாள்.

"கேட்டுச்சுன்னு எங்கம்மாட்ட சொல்லுங்க மேடம்."

சொன்னேன்.